முழங்கால் உயரச் சுவர்

துருக்கியில், ஹிட்டைட் மன்னர்களின் பழைய தலைநகரான ஹத்துசாவின் பெரிய கோயில் இடிபாடுகளில் எந்தச் சுவரும் முழங்காலுக்கு மேல் உயரமில்லை. அதற்குள் வழிதவறிப் போன தாஹிர் ஆறு வருடம் வெளியே வர முடியாமல் இருந்தார்.

சோரும் நகரப் பேருந்து நிலையத்தில் இருபத்தெட்டு வருடம் ஒலிபெருக்கியில் வண்டி நேரம் அறிவித்து ஓய்வு பெற்றவர் அவர். மனைவி நெஸாகத் பள்ளிச் சீருடை தைப்பவர். மே மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை இருவரும் பழைய காரில், இடிபாடுகளை ஒட்டியிருக்கும் எங்கள் ஊரான போவாஸ்கலேக்கு வந்தார்கள். வீட்டை விற்றுவிட்டு ஜெர்மனியில் இருக்கும் மகனிடம் போய்விடுவதா வேண்டாமா என்று வழியெல்லாம் சண்டை. தாஹிருக்குப் போக ஆசை, நெஸாகத்துக்கு இல்லை. காவலர் சாதுல்லாஹ் நுழைவுச் சீட்டைக் கிழித்துக் கொடுத்தபோதும் அவர்கள் நிறுத்தவில்லை. நெஸாகத் பாதையோரக் கல்லில் உட்கார்ந்துகொண்டார். "எனக்குக் கால் வலிக்குது. நீ போய் உன் ஹிட்டைட் ராஜாக்களைப் பாத்துட்டு வா. அவங்களாவது நீ சொல்றதைக் கேப்பாங்க." தாஹிர் கிடங்கு அறைகளின் பக்கம், பெரிய பானைகள் பாதி மண்ணில் புதைந்து கிடக்கும் இடத்துக்குள் நடந்தார். பத்து நிமிடம் கழித்து, முப்பதடி தூரத்தில் நின்றபடி மனைவியைக் கூப்பிட்டார்.

"நெஸாகத், கதவு எந்தப் பக்கம்?"

"என்ன கதவு? தாண்டி வா."

"எதைத் தாண்டறது? கூரை வரைக்கும் சுவர் நிக்குது."

கணவர் விளையாடுகிறார் என்றே நெஸாகத் கால் மணி நேரம் நினைத்தார். தாஹிர் இரண்டு கைகளாலும் காற்றைத் தடவிக்கொண்டே நடப்பதையும், மூலை வந்ததும் திரும்புவதையும் பார்த்தபிறகுதான் எழுந்தார். சாதுல்லாஹ் உள்ளே போய் தாஹிரின் கையைப் பிடித்து இழுத்தார். சாதுல்லாஹ் கல்வரிசையைச் சாதாரணமாகத் தாண்டினார். தாஹிரின் நெற்றி காற்றில் மோதி ரத்தம் வந்தது. காயத்தில் களிமண் பூச்சு ஒட்டியிருந்தது. வாசலுக்கான இடைவெளிகளில் கூட்டிப் போனால், மரக்கதவு இருக்கிறது, வெளியே தாழ்ப்பாள் போட்டிருக்கிறது என்றார் தாஹிர். வெளியே நின்று பார்த்தால் தாழ்ப்பாளும் இல்லை, கதவும் இல்லை. மருத்துவர் வந்து ரத்த அழுத்தம் பார்த்து, உப்பைக் குறைக்கச் சொன்னார். இமாம் வந்து ஓதினார். திரும்பும்போது அவரும் எந்தப் பக்கம் போவது என்று கொஞ்ச நேரம் தடுமாறி நின்றார். அதன்பின் அவர் அந்தப் பக்கம் வரவில்லை.

நெஸாகத் சோருமுக்குத் திரும்பிப் போகவில்லை. பள்ளிவாசலுக்குப் பின்னால் ஓர் அறை எடுத்து, தையல் இயந்திரத்தை வரவழைத்துக்கொண்டார். தினமும் காலையில் ரொட்டியும் ஆலிவும் பிளாஸ்கில் தேநீருமாக வந்து, கல்லைத் தாண்டி உள்ளே போய் கணவரோடு சாப்பிடுவார். "உனக்கு மட்டும் எப்படி வழி விடுது?" என்று தாஹிர் ஒருநாள் கேட்டார். "கேட்டா விடுது. நீ என்னிக்கு யாரை வழி கேட்டே?" என்றார் நெஸாகத். அகழாய்வுக் குழுத் தலைவி யில்டிஸ் சுவரின் நிறம் என்ன, பானையில் என்ன இருக்கிறது என்றெல்லாம் கேட்டு எழுதிக்கொண்டார். பார்லியும் எண்ணெயும் என்றார் தாஹிர். ஆள் யாரையும் காணோம், ஆனாலும் பானைகள் குறைவதும் நிறைவதுமாக இருக்கின்றன என்றார். இதற்கெல்லாம் என்ன ஆதாரம் காட்டுவது என்று தெரியாமல் யில்டிஸ் எழுதியதைக் கிழித்துப் போட்டார். டிசம்பரில் பனி கொட்டியபோது அந்த அறைமேல் விழுந்த பனி கீழே வராமல், அந்தரத்தில் பாய் விரித்ததுபோல் நின்றது. யில்டிஸ் அளந்ததில் தரையிலிருந்து நான்கரை மீட்டர். சந்தேகப்பட்டு மறுநாளும் அளந்தார், நான்கரைதான்.

இரண்டாம் வருடம் மகன் வந்தான். கல்வரிசையை இரண்டு முறை சுற்றி நடந்துவிட்டு, "அம்மா, உங்க ரெண்டு பேர்ல யாருக்கு உடம்பு சரியில்ல?" என்று கேட்டான். அதற்குப் பிறகு சில நாள் பாதி வழியில் ரொட்டியோடு நின்று, அடைபட்டிருப்பது கணவரா அல்லது சுவர் இருப்பதே தெரியாமல் நடமாடும் தானா என்று யோசிப்பார். பிறகு தேநீர் ஆறிவிடும் என்று நடப்பார்.

ஆறு வருடம் முடிந்து வந்த ஜூன் மாதத்தில், முந்தின நாள்வரை இல்லாத ஒரு படிக்கட்டைத் தாஹிர் பானைகளுக்குப் பின்னால் கண்டார். அவர் காற்றில் படியேறுவதைச் சாதுல்லாஹ்வும் இரண்டு பேருந்து நிறையப் பயணிகளும் பார்த்தார்கள். நான்கரை மீட்டர் உயரத்தில் போய் நின்றார். பக்கத்து நகரமான சுங்குர்லுவிலிருந்து தீயணைப்பு வண்டி வந்து ஏணியை நீட்டியது.

"தாஹிர் அண்ணே, கால வைங்க, நாங்க பிடிச்சுக்கறோம்" என்றார் சாதுல்லாஹ்.

தாஹிர் கீழே பார்த்தார். கால் வைக்கவில்லை.

"ஏணி தெரியுது. நீங்களும் தெரியறீங்க. அதே இடத்துல ஒரு தெருவும் தெரியுது, கழுதை போகுது, ஆளுங்க போறாங்க. நெஸாகத், நான் இறங்கினா எதுல இறங்குவேன்?"

அந்தத் தெருவில் இறங்கிவிட்டால் எங்கள் கண்ணுக்கே அவர் தெரியாமல் போகலாம். நெஸாகத் ஏணியடிக்குப் போனார்.

"நீ அசையாத. நான் வரேன்."

தீயணைப்பு வீரர் தடுத்தார். நெஸாகத் அவர் கையை விலக்கிவிட்டு ஏறினார். உச்சிப் படியில் நின்றபோது அவருக்கு முன்னால் வெறும் வெயில்தான் இருந்தது.

"எங்க வைக்கறது?"

"இங்க. என் காலுக்குப் பக்கத்துல. மண் கூரை, உறுதியாத்தான் இருக்கு."

"எனக்கு ஒண்ணும் தெரியல தாஹிர்."

"எனக்கு ஆறு வருஷமா ஒண்ணும் புரியல. வை."

நெஸாகத் கால் வைத்தார். கூரை தாங்கியது.

அலாஜா பக்கம் கோதுமை வயலில் தீ என்று அழைப்பு வந்ததால் வண்டிக்காரர்கள் ஏணியை மடக்கிக்கொண்டு கிளம்பினார்கள். அன்றிலிருந்து இருவரும் மேலேதான் இருக்கிறார்கள். வேண்டியதைச் சாதுல்லாஹ் கயிற்றில் கட்டி அனுப்புகிறார். கீழே நின்று கத்தக் கூடாது என்று பயணிகளிடம் சொல்லிவைக்கிறார். ஜெர்மனிப் பேச்சு அவ்வப்போது மறுபடி கிளம்புகிறது, கீழே வரை கேட்கிறது. நெஸாகத்துக்கு அந்தக் கூரை இன்றுவரை கண்ணில் படவில்லை. மேலே வந்த முதல் வருடம் கணவர் கால் வைத்த இடத்தில் கால் வைத்து நடந்தார். இப்போது சில இடங்களில் அவரே முன்னால் நடக்கிறார்.