யுவஸ்ரீயின் கட்டைவிரல்

கைக் கட்டைவிரல்கள் இரண்டையும் சேர்த்து வெள்ளைத் துணியால் கட்டப் போன பாலுசாமி மாமா, முடிச்சுப் போடாமல் நின்றுவிட்டார். யுவஸ்ரீயின் வலது விரலைத் திருப்பி ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தார். நுனியின் உள்பக்கம் தோல் தடித்து, மஞ்சளாகிக் கெட்டிப்பட்டிருந்தது. இடது விரலிலும் அப்படியே.

"ஏனுங்க்கா, அம்மணி கையில இப்பிடிக் காப்புக் காய்ச்சிருக்குது?" என்று அக்காவைக் கேட்டார். "லேத்துல நின்னு நின்னே எனக்குத் தல நரச்சுப்போச்சு. எனக்கே இந்த எடத்துல காய்ச்சதில்ல."

சாந்தாமணி மகளின் தலைமாட்டில் உட்கார்ந்து அவள் முடியைக் கோதிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து மகனைப் பார்த்தாள். மோகன்குமார் ஊதுவத்தியைப் பார்த்தான்.

"பாவம், படுத்தே கெடந்த புள்ள" என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டு மாமா முடிச்சை இறுக்கினார்.

மோகன்குமார் தன் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டான். முப்பது வயது தாண்டியும் சொரசொரப்பு என்றால் என்னவென்றே தெரியாத விரல்கள் அவனுடையவை. ஆனால் வீடியோ கேம் விளையாடும் தமிழ்ப் பையன்கள் எங்கெங்கோ இருந்து கும்பிடு போடுவது அந்த விரல்களுக்குத்தான்.

அவன் யூடியூபில் கேம் விமர்சனம் செய்கிறவன். கார் ஓட்டுவது, பந்தடிப்பது போன்ற கேம் அல்ல. வாளும் கேடயமுமாக ஒற்றை ஆள் ராட்சதர்களோடு மோதவேண்டும். ஓரடி பிசகினாலும் செத்து விழவேண்டும். விழுந்தால் பழைய இடத்திலிருந்து மறுபடி நடந்து வரவேண்டும். நல்ல சம்பளம் வாங்கும் பெரியவர்களே, கையில் பிடித்து ஆடும் கண்ட்ரோலரைச் சுவரில் எறிந்து உடைக்கிற ரகம். அப்படிப்பட்ட கேமை அவன் அலட்டாமல் ஜெயித்துக்காட்டி, அதில் எது நன்றாக இருக்கிறது, எது ஏமாற்று வேலை என்று பேசுவான். பேச்சில் மன்னன். அந்தப் பேச்சுக்காகத்தான் பம்ப் கம்பெனி கணக்கு வேலையையே விட்டான்.

பேச்சு மட்டும்தான் அவனுடையது. ஆடியதெல்லாம் தங்கை.

சின்ன வயதில் வந்த ஒரு காய்ச்சல் யுவஸ்ரீயின் இதய வால்வைக் கெடுத்துவிட்டுப் போயிருந்தது. மாடிப்படி ஏற முடியாது. காலேஜ் பாதியில் நின்றது. ஒருநாள் அவன் புதுக் கேமில் வாசல் காவல்காரனையே தாண்ட முடியாமல் வீடே அதிரக் கத்திக்கொண்டிருந்தபோது, "குடுங்ண்ணா, நான் பாக்கறேன்" என்று கட்டிலில் இருந்தபடியே கை நீட்டினாள். காப்பி ஆறுவதற்குள் காவல்காரன் விழுந்தான். அதை அவன் விளையாட்டாகத்தான் தன் குரலைச் சேர்த்துப் போட்டான். "தலைவா, என்ன கை உங்களுக்கு!" என்று யாரோ எழுதினார்கள். ஆடியது நானில்லை என்று பதில் தட்டினான். கொஞ்சநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு அழித்துவிட்டான். அன்றைக்கு அழித்ததுதான், அதற்குப் பிறகு அப்படித் தட்டிப் பார்க்கக்கூட அவனுக்கு மனம் வரவில்லை.

அவள் ஆட்டத்தில் ஒரு தனி லட்சணம் இருந்தது. படபடவென்று பட்டனைத் தட்ட அவளுக்கு மூச்சு காணாது. அதனால் ஓடமாட்டாள், முந்திக்கொண்டு வெட்டமாட்டாள். எதிரி காலைத் தூக்குகிற வரைக்கும் அப்படியே நிற்பாள். பிறகு ஒரே ஒரு எட்டு நகர்ந்து ஒரே ஒரு வெட்டு. விமர்சனமும் அவள்தான் சொல்வாள், மூச்சு வாங்கிக்கொண்டே. அவன் அதை உப்பு, காரம் சேர்த்து மைக்கில் பேசுவான்.

ஒரே ஒரு தடவை கேட்டாள். "ஒருக்கா என் பேரையும் சொல்லுங்களேண்ணா."

"பொண்ணுன்னு தெரிஞ்சா கண்ட நாயும் கண்டபடி எழுதிப்போடும் யுவா. உனக்கு எதுக்கு அது?"

"சரிங்ண்ணா" என்றாள். அவன் சொன்னதில் பாதி உண்மை. மீதிப் பாதி என்னவென்று அவனுக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். அன்றிலிருந்து அவள் கேட்கவில்லை.

வாசலில் ஆட்டோ வந்து நின்றது. அவிநாசியிலிருந்து அத்தை நாச்சியம்மாள் மாரில் அடித்துக்கொண்டே இறங்கினாள்.

"ஒரு வேலவெட்டி பாக்காம, ஒரு ஊரு ஒலகம் பாக்காம, கட்டல்லயே கெடந்து ஆயுசக் கழிச்சுட்டியே அம்மணி! அண்ணன் ஒருத்தன் சம்பாரிச்சு ஊத்தி ஊத்தி வளத்துனானே! அவனுக்கு ஒரு நாளாச்சும் நீ திருப்பிச் செஞ்சியா!"

எழவு வீட்டில் அழுகிறவளிடம் கணக்குப் பார்க்க முடியாதுதான். ஆனால் சுற்றியிருந்த பெண்கள் எல்லோரும் மூக்கைச் சிந்திக்கொண்டு மோகன்குமாரைப் பார்த்தார்கள். அந்தப் பார்வையில் இருந்த மரியாதையை அவனால் தாங்கமுடியவில்லை. "அப்படியில்லீங்கத்தே" என்று சொல்ல வாய் திறந்தான். இரண்டு பேச்சுப் பேசினால் போதும். இந்தக் குடும்பம் சாப்பிட்டது இவள் கையால்தான் என்று சொன்னால் போதும். நாச்சியம்மாள் அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டு, "அழுகாத சாமி, உன்ற கடமைய நீ செஞ்சுட்டே" என்றாள். திறந்த வாயை அழுகையென்று எடுத்துக்கொண்டார்கள். அவனும் அழுதான். உண்மையாகவே அழுதான். அழும்போதே, தப்பித்தோம் என்று உள்ளே ஒருவன் மூச்சு விட்டான். அவனை நினைத்து மோகன்குமாருக்கு அருவருப்பாக இருந்தது.

சாந்தாமணி எழுந்து மகளின் அறைக்குள் போனாள். திரும்பி வரும்போது கையில் மஞ்சள் குத்தாலத் துண்டில் சுற்றிய ஏதோ ஒன்று இருந்தது. அதை மகளின் இடுப்போரம், போர்த்தியிருந்த துணிக்குள் செருகிவிட்டு, துணியை இழுத்துச் சரிசெய்தாள். பெற்றவள் எதையோ வைக்கிறாள் என்று யாரும் கேட்கவில்லை.

நேற்றுச் சாயங்காலம் அந்தக் கட்டிலில்தான் யுவஸ்ரீ சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். புதுக் கேமுக்கு நீளமான இங்கிலீஷ் பெயர். அவள் வைத்த பெயர் 'கோட்டை'. அதன் கடைசி எதிரி கிரீடம் இழந்த ராஜா. அவனுக்கு 'மொட்டை ராஜா' என்று பெயர் வைத்திருந்தாள். அவனோடு மட்டும் பல நாளாகத் தோற்றுக்கொண்டிருந்தாள்.

"கஷ்டமா இருக்கறது தப்பில்லீங்ண்ணா. ஆனா தோத்தா எதுனால தோத்தோம்னு தெரியோணும். இவன் அதச் சொல்லவே மாட்டீங்கறான்."

"இத அப்படியே பேசிக்கறேன். பத்துக்கு எத்தன போடலாம்?"

"முடிச்சுட்டுச் சொல்றேனுங்ண்ணா. நாளைக்குப் பாக்கலாங்களா? கை நடுங்குது."

"சனிக்கெழம போடறேன்னு சொல்லிப்போட்டேன் யுவா. இன்னும் ரெண்டே ஆட்டம்."

அவள் சரி என்றாள். ஆடினாள். விடியற்காலை அம்மா காப்பி கொண்டுபோனபோது உடம்பு குளிர்ந்திருந்தது. தூக்கத்திலேயே இதயம் நின்றுவிட்டது, என்றைக்கு வேண்டுமானாலும் நின்றிருக்கும் என்று டாக்டர் சொன்னார். அந்தச் சொல்லை மோகன்குமார் காலையிலிருந்து கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தான்.

மயானத்துக்குப் போகும் வண்டி வந்த நேரத்தில் ஹெல்மெட்டைக் கையில் பிடித்தபடி ஒருவன் வந்து நின்றான். பக்கத்து ஐ.டி. ஆபீஸில் வேலை, பேர் கௌதமன், சேனலை முதல் வீடியோவிலிருந்து பார்ப்பவன்.

"உங்க போஸ்ட் பாத்தேனுங்ண்ணா. மனசு கேக்கல, வந்துட்டேன்." மோகன்குமாரின் கையை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டான். "எங்கப்பா ஆஸ்பத்திரில கெடந்தப்ப உங்க வீடியோதானுங்ண்ணா பாத்துட்டிருந்தேன். நீங்க ஓடவே மாட்டீங்க. அவன் கால் தூக்கற வரைக்கும் நிப்பீங்க. அதப் பாத்துத்தான் எனக்கு நிக்கத் தெரிஞ்சுது."

கையை உருவிக்கொள்ளவேண்டும் போலிருந்தது. இவனிடமாவது சொல்லலாம். யாரைப் பார்த்து நிற்கக் கற்றுக்கொண்டானோ அவள் வாசலுக்கு உள்ளேதான் படுத்திருக்கிறாள். "உள்ள போய்ப் பாருங்க" என்றான் மோகன்குமார். கௌதமன் உள்ளே போய், யாரென்று தெரியாத ஒரு பெண்ணைப் பார்ப்பதுபோல் பார்த்துக் கும்பிட்டுவிட்டு வந்தான்.

மின்மயானத்தில் முன்னால் ஒரு உடல் போய்க்கொண்டிருந்ததால் காத்திருந்தார்கள். முறை வந்ததும் வாய்க்கரிசி போட்டார்கள். அங்கே வேலை செய்கிறவர் தள்ளுவண்டியைப் பிடித்துக்கொண்டு, நகை, செல்போன் ஏதாவது வைத்திருக்கிறீர்களா என்று கேட்டபடியே துணிக்குள் கையை விட்டுத் தடவினார். மஞ்சள் துண்டு வெளியே வந்தது. பிரித்தார். கறுப்புக் கண்ட்ரோலர்.

"இதென்னுங், ரிமோட்டுங்களா? உள்ள பேட்டரி இருக்குமாட்ட இருக்குது. வெடிச்சுப்போடுமுங்க." தூக்கிப் பிடித்துச் சுற்றிலும் பார்த்தார். "யாருதுங்க இது?"

அம்மா அங்கே இல்லை. பெண்களெல்லாம் வீட்டோடு நின்றுவிட்டார்கள். அந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்தவன் அந்தக் கூடத்தில் ஒருவன்தான் இருந்தான்.

அவளுடையதுங்க. ஒரே சொல். மோகன்குமார் மைக் முன்னால் மணிக்கணக்காகப் பேசுகிறவன். பிரிந்து தொங்கிய மஞ்சள் துண்டையே பார்த்துக்கொண்டு நின்றான். பாலுசாமி மாமாவுக்கு அவன் நிற்கிற நிலை பொறுக்கவில்லை. "மாப்ளையோடதா இருக்கும். அவன்தான் இதுல ஆடறவன். மாறி வந்துபோச்சாட்ட இருக்குது. ஏன் மாப்ளெ?"

"என்னோடதுதானுங்க" என்று மோகன்குமார் கையை நீட்டினான்.

அவர் கொடுத்துவிட்டுத் தள்ளுவண்டியை உருட்டினார். இரும்புக் கதவு மேலே போயிற்று, அவள் உள்ளே போனாள், கதவு இறங்கியது. பக்கத்தில் கௌதமன் தேம்பும் சத்தம் கேட்டது. "தங்கச்சிக்கு உங்க கண்ட்ரோலரையே வெச்சு அனுப்பப் பாத்தீங்களாண்ணா..." என்றான். சுற்றி நின்றவர்கள் இன்னும் ஒருமுறை மோகன்குமாரை மரியாதையோடு பார்த்தார்கள். செருப்பால் அடித்திருந்தால்கூட அவன் நிம்மதியாக நின்றிருப்பான்.

வீடு திரும்பியபோது வாசல் கழுவிவிட்டிருந்தது. அவளைக் கிடத்தியிருந்த இடத்தில் விளக்கு எரிந்தது. தலைக்கு ஊற்றிக்கொண்டு அவன் நேராகத் தங்கையின் அறைக்குள் போனான். ஒருதடவை, ஒரே ஒருதடவை மொட்டை ராஜாவைத் தன் கையால் ஜெயித்துவிட்டால் எல்லா உண்மையையும் சொல்லிவிடுவது என்று வண்டியில் வரும்போதே தீர்மானித்திருந்தான். உண்மையைச் சொல்வதற்கும் அவனுக்கு ஒரு வெற்றி தேவைப்பட்டது. அப்படிப்பட்ட ஆள்.

டிவியைப் போட்டான். கோட்டையின் கடைசிக் கதவுக்கு முன்னால், நேற்று விட்ட இடத்திலேயே, அவளுடைய வீராங்கனை வாளை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள். கண்ட்ரோலரில் கட்டைவிரலால் திருப்பும் குமிழ்கள் இரண்டிலும் ரப்பர் தேய்ந்து குழி விழுந்திருந்தது. அவன் விரல் அந்தக் குழியில் நிற்காமல் வழுக்கியது. கதவைத் திறந்தான். ராஜா காலைத் தூக்குவதற்கு முன்பே ஓடினான். விழுந்தான். மறுபடி எழுந்து, மறுபடி ஓடி, மறுபடி விழுந்தான்.

சாந்தாமணி கதவருகில் நின்றுகொண்டிருந்தாள். எப்போது வந்தாள் என்று தெரியவில்லை. டிவியைப் பார்க்கவில்லை, அவன் கையில் இருந்ததைப் பார்த்தாள்.

"இது எப்பிடி ஊட்டுக்கு வந்துச்சு?"

"பேட்டரி இருக்குது, வெடிச்சுப்போடும்னு எடுத்துட்டாங்கம்மா."

"யாருதுன்னு கேட்டாங்களா?"

"கேட்டாங்க."

அம்மா காத்திருந்தாள். வீட்டுக்கு மேலே ஒரு விமானம் தாழ்ந்து இறங்கியது. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்து அடங்கியது. அதற்குப் பிறகும் காத்திருந்தாள். அவன் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். அங்கே வீராங்கனை மல்லாந்து கிடந்தாள்.

"உனக்கு அது வராது கண்ணு" என்றாள். குரலில் கோபமில்லை. "இங்க குடு."

கொடுத்தான். அவள் அதை முந்தானையால் துடைத்தாள். கட்டிலுக்குப் பின்னால் கையை விட்டு சார்ஜர் ஒயரைத் துழாவி எடுத்து, தினமும் சாயங்காலம் செய்கிறபடியே அதில் செருகினாள். தலையணைக்கு இடப்பக்கம், யுவஸ்ரீயின் கைக்கு எட்டுகிற இடத்தில் வைத்துவிட்டுப் போனாள். அதன் சின்ன ஆரஞ்சு விளக்கு விட்டுவிட்டு எரியத் தொடங்கியது.