வெர்னாவின் கை

மினசோட்டாவில் எங்கள் ஊர்ப் பேருந்துப் பணிமனையில் எழுதி வைக்காத வழக்கம் ஒன்று உண்டு. ஓட்டுநர் கூட்டத்தில் எதற்கு வாக்கெடுத்தாலும், பணியில் மூத்தவர் கை தூக்காமல் வேறு யாரும் தூக்க மாட்டார்கள். இருபத்தொன்பது வருடமாக ஓட்டும் நான்தான் மூத்தவள்.

மேலாளர் கர்ட்டிஸ் வந்து நான்கு வருடமாகியும் இதைக் கவனித்ததில்லை.

மூன்று வருடங்களுக்கு முன், மலைத்தடத்தில் ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் ஏழு நிமிடம் ஓய்வு வேண்டும் என்று எழுதிக் கொடுத்தேன். கழிவறைக்குப் போகவும் நேரம் தராத தடம் அது. கர்ட்டிஸ் அதை எல்லோர் முன்னும் வாசித்துவிட்டு, "வெர்னா, காப்பிக் கோப்பையைச் சின்னதாக்கிக்குங்க, சரியாயிடும்" என்றார். நாற்பது பேர் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன்.

இந்த மார்ச்சில் அதே ஏழு நிமிடத்தைத் தன் திட்டமாகக் கொண்டுவந்தார். ஓட்டுநர்களில் பாதிப் பேராவது ஆதரித்தால்தான் தலைமையகம் அனுமதிக்குமாம். ஒரு வாரம் டோனட் பெட்டியோடு ஒவ்வொருவரையும் தேடிப் போய்ப் பேசினார். எல்லோரும் சரி என்றார்கள். என்னிடம் மட்டும் வரவில்லை.

நான் யாரையும் தூண்டிவிடவில்லை. கையை மடியில் வைத்திருந்தால் போதுமே. அந்த ஞாயிறு தேவாலயத்தில் ஜெபம் சொல்லும்போது, பிறரை மன்னிக்கும் வரியை மட்டும் விழுங்கிவிட்டேன்.

கூட்டத்தில், ஆதரிப்பவர்கள் கை தூக்கலாம் என்றார் கர்ட்டிஸ். ஒரு கையும் எழவில்லை.

"டோனட் சாப்பிட்டப்போ எல்லாரும் சரின்னுதானே சொன்னீங்க?"

"டோனட் நல்லாத்தான் இருந்துச்சு" என்றது பின்வரிசை.

அவர் கழுத்து சிவந்தது. மூன்று வருடம் காத்திருந்து பார்க்கும் காட்சி. கண்ணை எடுக்க மனமில்லை.

பக்கத்தில் டெல்மர் உட்கார்ந்திருந்தார். சர்க்கரை நோய்க்காரர். உதடு வெடித்திருந்தது. காலடியில் தண்ணீர் பாட்டில், திறக்காமல்.

"குடிக்கலையா?" என்று மெல்லக் கேட்டேன்.

"ஒரு மணிக்கு மலைத்தடம், வெர்னா."

அவ்வளவுதான் சொன்னார். கை தூக்கு என்று கேட்கவில்லை. என் கணவர் இறந்த குளிர்காலத்தில், தினமும் நான் வருமுன் என் பேருந்தின் கண்ணாடியில் பனியைச் சுரண்டி வைத்தது அவர்தான். எனக்குத் தெரியாது என்று இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறார்.

எழுந்து நின்றேன்.

"கர்ட்டிஸ், இதை மொதல்ல எழுதிக் கொடுத்தது யாருன்னு சொல்லிடுங்க. அப்புறம் எண்ணலாம்."

கையிலிருந்த தாளை மடித்துப் பையில் வைத்தார்.

"நீங்கதான், வெர்னா."

"காப்பிக் கோப்பை?"

"அது நான் சொன்னது. சொல்லியிருக்கக் கூடாது."

கையைத் தூக்கினேன். என் பின்னால் குளிர்ச்சட்டைகள் வரிசையாக உரசும் சத்தம் கேட்டது.

அந்தச் சிவந்த கழுத்தை இன்னும் கொஞ்ச நேரம் பார்க்க ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் டெல்மர் பாட்டில் மூடியைத் திருகிக்கொண்டிருந்தார். நான் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.