ரோல் முடிக்க ஒரு படம்

துணி துவைக்கும் கல்லில் புருஷன் செங்கல்வராயனின் காக்கிச் சட்டையைப் போட்டு அங்கம்மா தேய்த்துக்கொண்டிருந்தபோது, அவன் கேமராவோடு வீட்டின் பின்பக்கம் வந்தான். கல்கத்தாவிலிருந்து அன்று காலைதான் வந்திறங்கியிருந்தான். இன்னும் குளிக்கக்கூட இல்லை.

"இந்தாமே, ரோல்ல ஒண்ணே ஒண்ணு பாக்கி கீது. அப்படியே நில்லு. இன்னிக்கே பூந்தமல்லி ஸ்டூடியோவுல குடுத்துடணும்."

அம்பத்தூர் எஸ்டேட்டில் கம்ப்ரஸர் செய்யும் ஒரு கம்பெனியில் அவன் மெக்கானிக். எந்த ஊரில் மிஷின் படுத்தாலும் அவனைத்தான் ரயிலேற்றுவார்கள். பகலெல்லாம் கிரீஸும் ஸ்பேனரும். ஊரைப் பார்க்க மிஞ்சுவது ராத்திரிதான். அதனால் பர்மா பஜாரில் வாங்கிய அவன் கேமராவில் விழுந்த ஊர்களுக்கெல்லாம் சூரியனே கிடையாது. பம்பாய்க் கடலோரத்து விளக்கு வரிசை, ஹைதராபாத் சார்மினார், எல்லாமே இருட்டில் மினுங்கும். கேமராவை ஏதாவது கட்டைச்சுவரில் வைத்து, மூச்சை அடக்கி, பத்து எண்ணி எடுப்பான். எதிரில் நிற்கிற ஆள் பத்து முடியும்வரை அசையக்கூடாது, அசைந்தால் கலங்கிவிடும் என்று அவளுக்கும் சொல்லிக் கொடுத்திருந்தான். சொல்லிக் கொடுத்து என்ன, அந்த ஊர்களில் அவளைக் கொண்டுபோய் நிறுத்தினால்தானே?

முப்பத்தாறும் முடியாமல் ரோலைக் கழுவக் கொடுக்க அவனுக்கு மனசு வராது. மிச்சத்துக்கு அங்கம்மா. ஆல்பத்தில் பம்பாய் முடிந்ததும் மீன் ஆய்கிற அங்கம்மா. ஹைதராபாத் முடிந்ததும் ஈரத்தலையோடு கண்ணைச் சுருக்குகிற அங்கம்மா. கறிவேப்பிலை கதைதான். பக்கத்து வீட்டுப் பூங்காவனம் ஒருநாள் ஆல்பத்தைப் புரட்டிவிட்டு, "இன்னாண்ணா, சார்மினாராண்ட அங்கம்மா இன்னா பண்ணிகினு கீது?" என்று சிரித்தாள்.

"அது ரோல் முடிக்க எடுத்தது" என்றான் அவன், சாதாரணமாக.

அப்படிச் சாதாரணமாகச் சொன்னதுதான் அவளுக்கு வலித்தது. அந்த விளக்குகளுக்கு முன்னால் ஒரே ஒரு தடவை நிற்கவேண்டும், அவ்வளவுதான் அவள் ஆசை. கேட்டால் அடுத்த ட்ரிப்பு பார்க்கலாம் என்பான். ஒன்பது வருஷமாக அந்த அடுத்த ட்ரிப் வந்தபாடில்லை.

இப்போது துவைக்கிற கல்லை விட்டு, சோப்புக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்து, கேமராவை அவனிடமிருந்து வாங்கிக்கொண்டாள்.

"இந்த ஒண்ணு என்னுது. பம்பாய்ல நின்னு எடுத்துக்கறேன். அதுவரைக்கும் என்னாண்டயே இருக்கட்டும்."

"உள்ள ஹவுரா பாலம் கீதுமே. அத்த எடுக்க ஆறு வருஷமா காத்துகினு இருந்தேன்."

"எனக்கு ஒம்போது வருஷம்யா."

டிரங்குப் பெட்டியில் கல்யாணப் புடவைக்கு அடியில் வைத்தாள். பூட்டவில்லை. சுவரைப் பார்த்துப் பட்டனை ஒரு தட்டுத் தட்டினால் ரோல் முடிந்துவிடும். அது அவளுக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும். நாலு மாதம் அவன் பெட்டியைத் தொடவில்லை. கத்திரி வெயிலில் மட்டும் ஒருநாள், "ஃபிலிம் கெட்டுப் போயிடும்" என்று முனகினான்.

"அப்ப சீக்கிரம் கூட்டிகினு போ" என்றாள்.

ஆனியில் பம்பாய்க்கு உத்தரவு வந்தது. கம்பெனி கொடுத்தது ஒரே டிக்கெட். அதை அவன் மேஜைமேல் வைத்தான்.

புறப்படுகிற சாயங்காலம் அங்கம்மா அடுப்படியில் அவனுக்குப் புளிச்சோறு கட்டிக்கொண்டிருந்தாள். பின்னால் டிரங்குப் பெட்டி திறக்கும் சத்தம் கேட்டது. அவள் திரும்பவில்லை. கை இலைமேல் அப்படியே நின்றது. அவன் வந்து முதுகுக்குப் பின்னால் நிற்பது தெரிந்தது. இதோ அமுக்கப்போகிறான், இதோடு முடிந்தது என்று அந்த 'க்ளிக்'குக்குக் காத்திருந்தாள். அது வரவில்லை; வெகுநேரம் கழித்து, கேமரா உள்ளே போய்ப் பெட்டி மூடிக்கொண்டது.

காட்டுப்பாக்கம் ஸ்டாப்பிங்வரை பையைத் தூக்கிக்கொண்டு கூடப் போனாள். இருட்டியிருந்தது.

"வரேன்மே."

"ம்."

பஸ் அவனை ஏற்றிக்கொண்டு போரூர்ப் பக்கம் நகர்ந்தது. கடைசி ஜன்னலிலிருந்து அவன் திரும்பிப் பார்த்தான். பூந்தமல்லியிலிருந்து வரும் லாரிகளின் விளக்குகள் அவளுக்குப் பின்னால் சாலை நீளத்துக்கும் வரிசையாக எரிந்துகொண்டிருந்தன. அங்கம்மா முன்முடியை ஒதுக்கிவிட்டு, படத்துக்கு நிற்பதுபோல அவனைப் பார்த்து நேராக நின்றாள். ஒண்ணு, ரெண்டு என்று வாய்க்குள் எண்ணினாள். லாரிக்காற்று முந்தானையை இழுத்தது, இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். பஸ் வளைவில் மறைந்தபோது எண்ணிக்கை ஏழுதான் ஆகியிருந்தது. அவள் அசையவில்லை.