வேந்தனின் கழுத்து

கணவர் இறந்து முப்பத்தோராம் நாள் செய்யும் அந்திரட்டிச் சடங்கு முடிந்த மறுவாரம் தர்மிளா மெர்போக்கில் இருந்த குதிரை லாயத்துக்குப் போனாள். யோகேஸ்வரன் விட்டுப்போன குதிரையை வைத்துக்கொள்வதா, யாரிடமாவது கொடுத்துவிடுவதா என்று முடிவெடுக்கத்தான் போனாள். லாயத்தை நடத்தும் சத்தியசீலன் வேந்தனுக்குச் சேணம் போட்டு மணல் திடலில் நிறுத்தி வைத்திருந்தார்.

அவள் ஏறி உட்கார்ந்து கடிவாள வாரைக் கையில் எடுத்தாள். இழுக்கக்கூட இல்லை. அதற்குள் வேந்தன் தாடையை நெஞ்சோடு சேர்த்து, கழுத்தை வில் மாதிரி வளைத்துக்கொண்டு நின்றது. கணவர் ஏறியதும் எப்படி நிற்குமோ, அப்படி.

தர்மிளா அப்படியே உட்கார்ந்திருந்தாள். அவருடைய சட்டைகளைத் தானம் கொடுத்தாகிவிட்டது. போன் எண்ணை வேறு யாருக்கோ கொடுத்துவிட்டார்கள். ஆனால் அவருடைய இரண்டு கைகள் இந்தக் கழுத்துக்குள் இன்னும் இருக்கின்றன என்று அவளுக்குத் தோன்றியது. குதிரையைக் கொடுக்கும் பேச்சை அன்றோடு விட்டுவிட்டாள்.

யோகேஸ்வரன் சுங்கைப் பட்டாணியில் நில அளவை அதிகாரி. இனிப்புநீர் நோய் வந்து, உடம்பை அசைக்கச் சொல்லி டாக்டர் கண்டித்தபோது அவருடைய கூட்டாளிகள் பூப்பந்து மட்டையை எடுத்தார்கள். அவர் பந்தயத்தில் ஓடி ஓய்ந்த ஒரு செங்குதிரையை வாங்கினார். பிள்ளை இல்லாத வீட்டில் அது பெரிய செய்தியாக இருந்தது. வேந்தன் என்று பெயர் வைத்தார். ஞாயிறுதோறும் இருவரும் போவார்கள். அவர் வேந்தன் மேல், அவள் லாயத்தின் கிழட்டுப் பெண்குதிரை மேல்.

பந்தயக் குதிரைக்குக் கழுத்தை நீட்டி ஓட மட்டும்தான் தெரியும். அதற்கு கலெக்‌ஷன் கற்றுக்கொடுக்க வேண்டும் என்பது அவர் ஆசை. குதிரை பின்னங்கால்களை வயிற்றுக்கு அடியில் கொண்டுவந்து, இடுப்பில் சற்றே உட்கார்ந்து, முதுகை உயர்த்தி, தன் கனத்தைத் தானே சுமந்து நடப்பது அது. அப்படி நடக்கும்போது கழுத்து தானாக வளையும். அவர் புத்தகம் வாசித்தார், வீடியோ பார்த்தார். ஆனால் அவர் கண்ணில் இருந்தது வேறு ஒரு குதிரை. சிறுவயதில் வேட்டைத் திருவிழா அன்று கோயிலில் சுவாமி ஏறி வரும் குதிரை வாகனம். அதன் தாடை நெஞ்சைத் தொடும். கழுத்து வில்லாக இருக்கும். அவர் குடும்பத்தில் யாரும் அதைத் தவிர வேறு குதிரையைப் பக்கத்தில் பார்த்ததில்லை. வேந்தனின் கழுத்து வளையத் தொடங்கியதும், பார்க்க வந்த சொந்தக்காரர்கள் எல்லாரும் ஒரே சொல்லைத்தான் சொன்னார்கள். கோயில் குதிரை மாதிரியே. அதைக் கேட்கும்போது அவர் முகம் சிவந்துவிடும்.

பின்னங்கால்களை யாரும் பார்க்கவில்லை. கோயில் வாகனத்துக்குப் பின்னங்கால்கள் பட்டுக்கும் பூமாலைக்கும் உள்ளே மறைந்திருக்கும்.

ரூபினி அவர் இறந்த பிறகு லாயத்துக்கு வந்த பெண். வார இறுதியில் பினாங்கிலிருந்து பாலம் கடந்து வந்து சவாரி சொல்லிக்கொடுப்பாள். முப்பது வயது இருக்கும். தர்மிளா வேந்தனை ஓட்டுவதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு இறங்கச் சொன்னாள். சேணத்தைக் கழற்றிவிட்டு முதுகெலும்புக்கு இரு பக்கமும் விரல்களை அழுத்திக்கொண்டே போனாள். சேணத்தின் பின்விளிம்பு இருக்கும் இடத்தில் வேந்தன் முதுகைக் கீழே தாழ்த்தி வாலைச் சுழற்றியது.

"அக்கா, கோவிச்சுக்காதீங்க. இது கலெக்‌ஷன் இல்ல லா. தலையை மட்டும் இழுத்துக் கட்டியிருக்கு. பின்பக்கம் தூங்குது."

இப்படியே ஓட்டினால் இன்னும் ஒரு வருடத்தில் இதன் முதுகில் குழந்தையைக்கூட உட்காரவைக்க முடியாது என்றாள். தலை உள்ளே போகும்போதெல்லாம் முதுகு பள்ளமாகிறது, வலிக்கிறது, வலியைக் காட்டத் தெரியாத குதிரை என்பதால் அடக்கமாக இருக்கிற மாதிரி தெரிகிறது. முதலில் இருந்து தொடங்க வேண்டும். கழுத்தை விட்டுவிட வேண்டும்.

அவர் ஒருநாளும் சாட்டை எடுத்ததில்லை என்று தர்மிளா சொன்னாள். அவள் குரல் அவளுக்கே அந்நியமாகக் கேட்டது.

"அது தெரியுது அக்கா. அடி வாங்கின குதிரை வேற மாதிரி இருக்கும். அண்ணன் மெதுவாத்தான் பிடிச்சிருக்கார். பிடிச்சதை விடல. அவ்வளவுதான்."

அன்று தர்மிளா சொல்லிக்கொள்ளாமல் கிளம்பினாள். திகாம் பத்து ஊர்வரை வந்த பிறகுதான், வழியில் எந்தச் சிவப்பு விளக்கில் நின்றோம் என்பதே நினைவில்லை என்று தெரிந்தது. காரின் இருக்கை இன்னும் அவர் உயரத்துக்கு ஏற்றபடி பின்னால் தள்ளியிருந்தது. காலை எட்டி எட்டித்தான் பிரேக்கை மிதித்துக்கொண்டிருந்தாள், இத்தனை வாரமாக.

வீட்டுக்கு வந்து சோறு வடிக்காமல் உட்கார்ந்திருந்தாள். ஒரு சின்னப் பெண், அவரைக் கண்ணால் கண்டிராதவள், ஒரு குதிரையின் முதுகைத் தடவிப் பார்த்து அவரைப் பற்றிச் சொல்லிவிட்டாள். கோபம் அதற்கில்லை என்று கொஞ்ச நேரத்தில் புரிந்தது. சொன்னது தனக்கு முன்பே தெரியும் என்பதுதான் தாங்கவில்லை. பாசாரில் தெருவைக் கடக்கும்போது அவர் அவள் முழங்கையைப் பிடித்துக்கொள்வார். இந்தப் பக்கம் வந்த பிறகும் விடமாட்டார். மீன்கடையில், காய்கறிக்கடையில், காருக்குத் திரும்பும்வரை அந்தப் பிடி இருக்கும். அழுத்தமே இல்லாத பிடி. ஒற்றைக் கையால் பையைத் தூக்கி, அதே கையால் காசெடுத்துக் கொடுத்துப் பழகியிருந்தாள். யாராவது அவளைப் பார்த்துப் பரிதாபப்பட்டிருந்தால் சிரித்திருப்பாள். அவளுக்கு அது பிடித்திருந்தது. இப்போதும் அந்த முழங்கை சும்மா இருப்பது அவளுக்குத் தெரிகிறது.

சில வாரம் லாயத்துக்குப் போகவில்லை. பிறகு ஒரு மாலை, வேலை முடிந்து மருந்தகத்துச் சீருடையோடு போனாள். யாரும் இல்லாத நேரம். வேந்தன் பக்கத்தில் நின்று ரூபினி செய்த மாதிரி முதுகில் விரல்களை அழுத்திப் பார்த்தாள். அந்த இடம் வந்ததும் குதிரை விலகவில்லை, உதைக்கவில்லை. தாடையை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு பல்லைக் கடித்தது. கல்லில் கல் உரசுகிற சத்தம்.

இது உன் நல்ல குணம் என்று நினைத்தோமே, என்று அவள் அதன் காதருகே சொன்னாள்.

மறு சனிக்கிழமை ரூபினியிடம் போய் எப்படித் தொடங்குவது என்று கேட்டாள்.

தொடக்கத்தில் நடை மட்டும்தான். கடிவாள வாரை முழு நீளத்துக்கு விட்டு, வேந்தன் தலையை எவ்வளவு கீழே நீட்டுமோ நீட்டட்டும் என்று பெரிய வட்டங்களில் நடத்துவது. அது நீட்டவில்லை. பிடிக்கு ஏங்கிற்று. இல்லாத கையைத் தேடித் தாடையை உள்ளே இழுத்துக்கொள்ளும், கிடைக்காதபோது தலையை வானத்துக்குத் தூக்கிக் கண்ணை உருட்டும். ரூபினி வட்டத்தின் நடுவில் நின்று, கையைத் திறங்க அக்கா, காலால கேளுங்க, கையால கேட்காதீங்க என்று அலுக்காமல் சொல்லிக்கொண்டிருந்தாள். பின்னங்கால் எட்டி வைக்கிற நொடியில் கெண்டைக்காலால் ஒரு சின்ன அழுத்தம். விரல்களை ஒரு கணம் மூடுவது, உடனே திறப்பது. திறப்பதுதான் பாடம், மூடுவது இல்லை என்பாள். பிறகு நடையிலிருந்து டிராட் என்ற மெல்லோட்டம், அதிலிருந்து நடை. தரையில் கிடக்கும் கழிகளைத் தாண்டுவது. வியாழன், சனி, ஞாயிறு என்று மழை விட்டால் போதும், தர்மிளா அங்கே இருப்பாள்.

வேந்தன் மாறத் தொடங்கியது. ஒருநாள் மூக்கு மணலைத் தொடும் அளவுக்குக் கழுத்தை நீட்டி, பெரிதாக ஒரு மூச்சு விட்டது. ரூபினி கைதட்டினாள். தர்மிளா சிரித்தாள். அன்று காரில் ஏறி, நெற்றியை ஸ்டியரிங்கில் வைத்துக்கொண்டு இருட்டும்வரை அழுதாள்.

யாரிடமும் சொல்லவில்லை, சொன்னால் பைத்தியம் என்பார்கள். ஒவ்வொரு முறையும் ஏறி உட்கார்ந்து வாரைக் கையில் எடுக்கும் அந்த முதல் நொடியில், குதிரை தாடையை இழுக்கிறதா என்று பார்ப்பாள். இழுத்தால் உள்ளுக்குள் ஒரு மகிழ்ச்சி. அந்த மகிழ்ச்சியோடேயே அதைக் கலைக்கத் தொடங்குவாள். அவர் கை கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்துகொண்டிருந்தது. கரைப்பது அவள். கடைசியில் ஒரு ஞாயிறு வாரை எடுத்தாள். வேந்தன் காதை மட்டும் அவள் பக்கம் திருப்பி, என்ன வேண்டும் என்று கேட்பதுபோல நின்றது. கழுத்து அசையவே இல்லை.

அதற்குச் சில வாரம் கழித்துத்தான் அது நடந்தது. சின்ன வட்டத்தில் டிராட். விரல்களை மூடித் திறந்தாள். திறந்த கணத்தில் அவளுக்குக் கீழே முதுகு எழுந்தது. மெத்தைக்குள் யாரோ காற்று அடித்ததுபோல் அவளைத் தூக்கிப் பிடித்தது. முன்பக்கம் லேசாகிவிட்டது. வார் கையில் நூல் மாதிரி இருந்தது. இழுப்பே இல்லாமல் கழுத்து, அது பாட்டுக்கு, நிமிர்ந்து வளைந்தது. வாயோரம் வெள்ளையாக நுரை. அரை வட்டம் இருக்கும். பிறகு கலைந்துபோயிற்று.

"அதுதான் அக்கா," என்றாள் ரூபினி. சத்தம் போடவில்லை.

தர்மிளா இறங்கியதும் கைப்பையைத் திறந்து போனை எடுத்தாள். அவருக்குச் சொல்ல வேண்டும் என்று கை தானாகப் போயிருந்தது. புரிந்துகொள்ளக்கூடிய ஒரே ஆள் அவர். எண்ணைத் தேடுவதற்கு முன்பே நினைவு வந்துவிட்டது, அதோடு இன்னொன்றும் வந்தது. அவர் உயிரோடு இருந்திருந்தால் இதைச் சொல்லியிருக்க முடியாது. நீங்கள் இத்தனை வருடம் ஏறி உட்கார்ந்தது இந்தக் குதிரை மேல் இல்லை என்று எப்படிச் சொல்வது. சொல்லியிருக்க மாட்டாள். அவர் பிடித்துக்கொண்டே இருந்திருப்பார், அவள் பெண்குதிரை மேல் உட்கார்ந்து அழகாக இருக்கிறது என்று சொல்லிக்கொண்டே இருந்திருப்பாள்.

அவர் இறந்து ஒரு வருடம் ஆனபோது, ஆட்டைத் திவசத்துக்கு அவருடைய அண்ணன் காளிதாசன் ஈப்போவிலிருந்து மனைவியோடு வந்தார். சாப்பாடு முடிந்து, தம்பியின் குதிரையைப் பார்க்க வேண்டும் என்றார். தம்பியைவிட மூத்தவரானாலும் அதே நெற்றி, அதே செருமல். தர்மிளா மறுக்கவில்லை. மெர்போக்கில் மழை அப்போதுதான் விட்டிருந்தது. ஜெராய் மலை பாதிக்கு மேல் தெரியவில்லை.

அவள் வேந்தனை நீளக் கழுத்தோடு நடத்தினாள். தலை தாழ்ந்து, முதுகு ஆட, பின்னங்கால் முன்காலின் தடத்தைத் தாண்டி விழ, நிம்மதியாக நடந்தது. அவளுக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

"என்ன தர்மிளா, புல்லு தேடுதா?" என்றார் காளிதாசன் வேலியில் சாய்ந்துகொண்டு. "கோயில் குதிரையைக் கொண்டுபோய் எருமை ஆக்கிட்டீங்களே."

அவர் மனைவி சிரித்துவிட்டு, சும்மா இருங்க என்று அவர் தோளில் தட்டினாள். தர்மிளாவும் சிரித்தாள். முதுகு வலியைப் பற்றியும், முதலில் இப்படித்தான் நடக்க வேண்டும் என்பதைப் பற்றியும் சொன்னாள். தம்பி தவறாகச் செய்தான் என்று மட்டும் சொல்லவில்லை. காளிதாசன் தலையாட்டிக்கொண்டே கேட்டார். கேட்டு முடித்ததும் போனை எடுத்து வேலிக்கு மேலே பிடித்தார்.

"ஒரே ஒரு சுத்து. அவன் ஓட்டுவானே, அந்த மாதிரி. அவன் போனப்ப நான் நேரத்துக்கு வந்து சேரல. முகம்கூடப் பார்க்கல."

திடலின் மறுகோடியில் நின்ற ரூபினி, வேண்டாம் என்று தலையை அசைத்தாள். தர்மிளா அதைப் பார்த்தாள். அவர் முகத்தையும் பார்த்தாள். இந்த மனிதர் கேட்பது குதிரையை இல்லை என்று அவளைவிட யாருக்குத் தெரியும்? அவளும் அதைத்தானே மாதக்கணக்கில் வாரைக் கையில் எடுக்கும் முதல் நொடியில் திருட்டுத்தனமாகத் தேடிக்கொண்டிருந்தாள்.

வாரைச் சுருக்கினாள். பிடித்தாள். விடவில்லை.

வேந்தன் ஒருமுறை காதைப் பின்னால் திருப்பியது. பிறகு தாடை நெஞ்சுக்கு வந்தது. கழுத்து வில்லானது. அவளுக்குக் கீழே முதுகு, பலகை இறங்குவதுபோல இறங்கிற்று. ஒரு சுற்று முழுவதும் அப்படியே சுற்றினாள். காளிதாசன் போனுக்குப் பின்னால் சத்தமில்லாமல் அழுதார். அவர் மனைவியும் முந்தானையை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அப்படியே இருக்குது, அப்படியே இருக்குது என்று அவர் சொல்வது கேட்டது. அந்தச் சத்தத்துக்கு அடியில் வேந்தன் பல்லைக் கடிக்கும் சத்தமும் கேட்டது. அது வேலிவரை போகாது.

அவர்கள் ஈப்போவுக்குக் கிளம்பிய பிறகு ரூபினி பக்கத்தில் வந்து, வேந்தனின் நெற்றி மயிரை ஒதுக்கிவிட்டாள். திட்டுவாள் என்று தர்மிளா எதிர்பார்த்தாள்.

"நானா இருந்தாலும் செஞ்சிருப்பேன் லா," என்று மட்டும் சொல்லிவிட்டு மற்றக் குதிரைகளைக் கட்டப் போய்விட்டாள்.

தர்மிளா இறங்கவில்லை. சிறிது நேரம் வாரைக் கழுத்தின்மேல் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தாள். செம்பனைத் தோட்டத்துப் பக்கம் லாரி ஒன்று குலை ஏற்றிக்கொண்டு போயிற்று. பிறகு மெதுவாக, ஒரு விரல் கனத்துக்கு மேல் வராமல், வாரை எடுத்தாள்.

வேந்தன் உடனே தாடையை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டது.

எத்தனையோ நாள் அவள் வேண்டிக்கொண்டது அதுதான். திரும்பி வந்துவிட்டது. அவள் கைகளுக்குள் அவர் கைகள், மெதுவாக, பிடித்தபடி. முழங்கையில்கூட அந்தச் சூடு தெரிவதுபோல் இருந்தது. கொஞ்ச நேரம் வைத்துக்கொண்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை.

அவளுக்குக் கீழே முதுகு பள்ளமாக, அசையாமல், பொறுத்துக்கொண்டு நின்றது.

தர்மிளா கண்களை மூடினாள். போய்வாருங்கள் என்று சொல்ல நினைத்தாள். விரல்களைத் திறந்தாள். வார் முழு நீளத்துக்கு ஓடி இறங்கியது. குதிரை கழுத்தை நீட்டவில்லை, நம்பவில்லை. கெண்டைக்காலால் லேசாக அழுத்தி, நட என்றாள். பெரிய வட்டத்தில், முதல் நாள் நடந்த மாதிரியே, இருவரும் நடக்கத் தொடங்கினார்கள்.