குச்சி ரொட்டிக்கு வந்த ஜீப்

பாக்கியராஜ் வாய்விட்டு எதையும் கேட்கிற ஆள் இல்லை. கண் போனதிலிருந்து தங்கை ரோசம்மாளின் வீட்டில்தான் இருந்தான். போட்டதைச் சாப்பிடுவான், கொடுத்ததை உடுத்துவான். அவளும் அவள் புருஷன் தாவீதும் வேலைக்குப் போன பிறகு, பக்கத்து வீட்டு ரேடியோவைச் சுவர் வழியாகக் கேட்டுக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருப்பான். அதனால்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை எலும்பு சூப்பை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டே அவன் சொன்னது அவள் மனதில் தங்கிவிட்டது.

"மெட்ராஸ்ல நான் வேலை செஞ்ச ஓட்டல்ல சூப்பு குடுத்தா கூடவே குச்சி ரொட்டி வெப்பாங்க ரோசா. விரல் மொத்தத்துக்கு நீட்டமா இருக்கும். பூண்டை நசுக்கி வெண்ணெயில போட்டு மேலால தடவுவாங்க. சூடா இருக்கசொல்ல கடிச்சா... அடடா."

"நீ துன்னியா?"

"சில நாளு தட்டுல மீந்து வரும்."

அந்த ஓட்டலில் அவன் தட்டு கழுவிக்கொண்டிருந்தான். மதுவிலக்கு இருந்த காலம் அது. ஒரு பண்டிகை நாளில் கூட்டாளிகள் கொண்டுவந்த வார்னிஷை வாங்கிக் குடித்தான். அதில் இரண்டு பேர் செத்துப்போனார்கள். இவனுக்குக் கண் போயிற்று. அதற்குப் பிறகு அவன் இருமல் மருந்தைக்கூட மோந்து பார்த்துவிட்டுத்தான் குடிப்பான்.

ரோசம்மாள் கும்மிடிப்பூண்டியில் ஓர் ஆணித் தொழிற்சாலையில் பொட்டலம் கட்டுகிறவள். அவளுடைய அப்பாவும் அம்மாவும் அதே ஊரில் நெல் வயல்களில் கூலி வேலை செய்தவர்கள். வீட்டில் சோறு உண்டு, கூழ் உண்டு, பண்டிகைக்குப் பணியாரம் உண்டு. ரொட்டி என்றால் கடையில் காகிதம் சுற்றி விற்கிற பொருள். ஜுரம் வந்தால் வாங்குவது. அதை வீட்டில் சுடலாம் என்று அவளுக்குத் தோன்றியதே இல்லை.

"அத்த எப்படிணா செய்வாங்க?" என்று கேட்டாள்.

"எனக்கின்னா தெரியும்? ஜன்னலாண்ட நின்னு பார்த்ததுதான். மைதாவைப் பெசைஞ்சு பொங்க வெப்பாங்க. ஈஸ்ட்டு கிடைக்கலன்னா, உருளைக்கெழங்கு வேவ வெச்ச தண்ணியில சக்கரையும் மாவும் கலக்கி ஜாடியில ஊற வெப்பாரு சமையக்காரரு. நாலஞ்சு நாள்ல நுரைச்சுக்கும்."

"கள்ளு ஊத்துனா ஒரே ராத்திரியில பொங்கிடுமே," என்றாள் வாசலில் நின்றிருந்த அடுத்த வீட்டு முத்தம்மா.

கள்ளுக்கடை, சாராயக்கடை எல்லாவற்றையும் சர்க்கார் மறுபடி மூடி ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. "கடை தொறந்திருந்தாலும் அந்தச் சனியன் என் ஊட்டு வாசப்படி ஏறாதுக்கா," என்றாள் ரோசம்மாள்.

மைதாவும் சர்க்கரையும் வாங்க அவள் போனது துளசிராமன் கடைக்கு. அவள் குடியிருந்த லைன் வீடுகளுக்கும் அவர்தான் சொந்தக்காரர்.

"இவ்ளோ சக்கரை எதுக்கு? ஊட்ல விசேஷமா?"

"ரொட்டி சுடப் போறேன்."

"ரொட்டியா!" என்று கடையில் நின்றவர்களைப் பார்த்துச் சிரித்தார் துளசிராமன். "கேட்டீங்களா, நம்ம ரோசம்மா வெள்ளக்காரி ஆயிட்டா."

அவளும் சிரித்துவிட்டு வந்துவிட்டாள். அன்றைக்கு அது அவளுக்குப் பெரிதாகப் படவில்லை.

முதல் தடவை அவளுக்குப் பொறுமை இல்லை. ஜாடியில் நுரை கட்டுவதற்குள் எடுத்துப் பிசைந்தாள். மாவு பொங்கவே இல்லை. பழைய அலுமினியக் குண்டானில் மணலைக் கொட்டி, மரத்தூள் அடுப்பில் ஏற்றி, உள்ளே தட்டை வைத்து, மூடியின் மேல் தணல் போட்டுச் சுட்டெடுத்தாள். வந்த குச்சிகளை ஆணியோடு சேர்த்துப் பொட்டலம் கட்டியிருக்கலாம். தாவீது ஒன்றைக் கடித்துப் பார்த்துவிட்டுத் தாடையைத் தடவிக்கொண்டான். பாக்கியராஜ் மட்டும் தேநீரில் ஊறவைத்துத் தின்றுவிட்டு, "வாசனை வந்துடுச்சு ரோசா, பதம்தான் வரல," என்றான்.

இரண்டாம் தடவை அவள் அவசரப்படவில்லை. ஜாடியைத் துணியால் கட்டி அடுப்பங்கரை மூலையில் வைத்தாள். வேலைக்குப் போகும்போதும் வந்ததும் அதைத் திறந்து பார்த்தாள். முதலில் ஒன்றும் இல்லை. பிறகு ஓரத்தில் சின்னச் சின்னக் கொப்புளங்கள். பிறகு ஜாடியே உயிர் வந்ததுபோல் முணுமுணுக்க ஆரம்பித்தது. புளித்த வாசனை மூன்று வீடு தள்ளிக்கூட வந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை தாவீதுக்கு ஷிப்ட் இருந்தது. ரோசம்மாள் கோயிலுக்குப் போய்விட்டு வந்தவுடன், ஜாடியிலிருந்து பாதியை எடுத்து மாவு பிசைந்து ஈரத்துணி போட்டு மூடினாள். மதியம் துணியைத் தூக்கிப் பார்த்தபோது மாவு இரண்டு மடங்காகியிருந்தது. விரலால் குத்தினாள், பஞ்சுபோல் அமுங்கியது. "அண்ணா, பொங்கிடுச்சு!" என்று கத்தினாள். பாக்கியராஜ் தடவித் தடவி வந்து, மாவின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்துச் சிரித்தான்.

அப்போதுதான் ஜீப் வந்து நின்றது.

ஏட்டு செங்கல்வராயனும் ஒரு போலீஸ்காரரும் செருப்புக் காலோடு உள்ளே நுழைந்தார்கள். யாரையும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நேராக அடுப்பங்கரைக்குப் போய் ஜாடியின் துணியைக் கிழித்து மோந்து பார்த்தார் ஏட்டு.

"தகவல் கரெக்ட்டுதான். சாராயத்துக்கு ஊறல் போட்டுக்கினு கீறாங்க."

"ஐயோ, ஏட்டையா, அது ரொட்டி மாவுக்குப் போடறது. சாராயம் இல்ல."

"ரொட்டியா? உங்க தெருவுல இன்னா ஊறும்னு எங்களுக்குத் தெரியாதா?"

ஜாடியை வாசலுக்கு எடுத்துப்போய்ச் சாக்கடையில் கவிழ்த்தார். காலி ஜாடியைப் படியில் வைக்கக்கூட இல்லை, போட்டார். அது உடைந்தது. தெருவே வாசலுக்கு வந்துவிட்டது. பிறகு அவர் கண் பாக்கியராஜ்மேல் விழுந்தது.

"இவன் வார்னிஷ் குடிச்சுக் கண்ணு போனவன்தானே? இன்னும் புத்தி வரலியா? ஏறுடா வண்டியில."

"அண்ணனைத் தொடாதீங்க! மாவு கலக்குனது நானு. என்னைக் கூட்டிக்கினு போங்க!"

போலீஸ்காரர் பாக்கியராஜின் தோளைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு போனார். படி எங்கே இருக்கிறது என்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை. தடுமாறி ஜீப்பின் தகரத்தில் முழங்காலை இடித்துக்கொண்டான். "ரோசா, நீ சண்டை போடாதே," என்று மட்டும் சொன்னான். ஜீப் போய்விட்டது.

ரோசம்மாள் வாசலில் நின்றாள். அழுகை வரவில்லை. காது மடலெல்லாம் சுட்டது. வெறும் வாசனையை வைத்து வீட்டுக்குள் புகுந்தார்கள். சாராயத்தால் நாசமான மனுஷனைச் சாராயம் காய்ச்சினான் என்று இழுத்துப் போகிறார்கள். பெரிய மனுஷர்கள் குடியிருக்கிற மேட்டுத் தெருவில் ஒரு வீட்டுக்குள் இப்படிச் செருப்போடு போவார்களா?

"தாவீது ஷிப்ட்டு முடிஞ்சு வரட்டும்டி. ஆம்பள போய்ப் பேசட்டும்," என்றாள் முத்தம்மா.

"பேசி இன்னா ஆவும்? நான் சொன்னதை நம்புனானா? மாவு உள்ள அப்படியேதான் கீதுக்கா. நான் சுடறேன். அதைக் கொண்டுபோய் அவன் மூஞ்சி முன்னால வெக்கறேன்."

அடுப்பைப் பற்றவைத்தாள். அவசரத்தில் உருட்டியதில் குச்சிகள் ஒன்று தடித்தும் ஒன்று மெலிந்தும் வந்தன. முதல் தட்டு அடியில் கருகிவிட்டது. அதைப் பார்த்ததும்தான் அவளுக்கு அழுகை வந்தது. "இதைக் காட்டுனா சிரிப்பானுங்க," என்று தட்டைத் தள்ளிவிட்டாள். முத்தம்மா தணலைக் கொஞ்சம் வாரி எடுத்தாள், மணலை இன்னும் கொட்டினாள். இரண்டாவது தட்டு பொன்னிறமாக வந்தது. பூண்டை நசுக்கி, வெண்ணெயில் போட்டு உருக்கி, சுடச்சுட மேலே தடவினாள். துண்டில் சுற்றிக்கொண்டு இருவரும் ரயில்வே கேட்டைத் தாண்டி ஸ்டேஷனுக்கு வேகமாக நடந்தார்கள்.

பாக்கியராஜ் ஸ்டேஷன் சுவரோரம் தரையில் உட்கார்ந்திருந்தான். சட்டையைக் கழற்றச் சொல்லியிருந்தார்கள். ரோசம்மாள் சப்-இன்ஸ்பெக்டர் மேஜைக்கு நேராகப் போய்த் துண்டைப் பிரித்து வைத்தாள். பூண்டு வாசனை அறை முழுதும் எழுந்தது.

"இதாங்க சார் நான் போட்ட ஊறல். துன்னு பாருங்க. போதை ஏறுதான்னு சொல்லுங்க."

ஏட்டு பின்னாலிருந்து சிரித்தார். "ரொட்டி சுட்டுக்கினு வந்துட்டா சார்."

"நீங்க சிரிக்காதீங்க ஏட்டையா. ஊட்டுக்குள்ள பூந்தப்ப இந்த மாவு அங்கதான் இருந்துச்சு. துணிய தூக்கிப் பார்த்தீங்களா?"

சப்-இன்ஸ்பெக்டர் சின்ன வயசுக்காரர். ஒரு குச்சியை எடுத்து உடைத்து, மோந்து, கடித்தார். மென்று முடிக்கக் கொஞ்சம் நேரமானது. ஏட்டைப் பார்த்தார். ஏட்டு சுவரைப் பார்த்தார்.

"அந்த ஜாடியில இருந்ததைக் சாட்சிக்குக் கொஞ்சம் புடிச்சு வெச்சீங்களா?"

"கொட்டிட்டேன் சார்."

"சரிம்மா. தகவல் வந்தா நாங்க பார்த்துத்தான் ஆகணும். உங்க அண்ணனைக் கூட்டிட்டுப் போ."

பாக்கியராஜ் சட்டையைத் தேடித் தரையில் தடவினான். முத்தம்மா அதை எடுத்துக் கொடுத்துவிட்டு, மேஜைமேல் இருந்த ரொட்டித் துண்டையும் சுற்றி எடுத்துக்கொண்டாள். ஆனால் ரோசம்மாள் அசையவில்லை.

"தெருவே பார்க்க ஜீப்புல ஏத்திக்கினு வந்தீங்க. தெருவே பார்க்க ஜீப்புலயே கொண்டாந்து உடுங்க. இதே ஏட்டையா கையைப் புடிச்சு எறக்கணும்."

"இன்னாம்மா, திமிரா? போலீஸ் ஜீப்பு உனக்கு வாடகை வண்டியா? விட்டதே பெரிசு, நட," என்றார் ஏட்டு.

"விட்டீங்களா? புடிச்சதே தப்பு சார். நாளைக்கு இவரு தெருவுல நடந்தா, சாராயம் காய்ச்சி உள்ள போய்ட்டு வந்தவன்னு சொல்லுவாங்க. அதுக்கு யாரு பதில் சொல்றது?"

"ரோசா, வா போலாம்," என்றான் பாக்கியராஜ்.

"நீ சும்மா இருணா."

அவள் வெளியே போய் ஸ்டேஷன் படியில் உட்கார்ந்துவிட்டாள். அண்ணனையும் பக்கத்தில் உட்காரவைத்தாள். முத்தம்மாவும் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு உட்கார்ந்தாள். ஏட்டு வந்து அதட்டினார். சப்-இன்ஸ்பெக்டர் வந்து கேஸ் போடுவேன் என்றார். "போடுங்க. ரொட்டி சுட்டதுக்குக் கேஸுன்னு எழுதுங்க," என்றாள் அவள்.

சாயங்கால ஷிப்ட் விட்டது. சைக்கிளில் வந்தவர்கள் ஒவ்வொருவராக நின்றார்கள். விஷயம் கேட்டு, கேட்டதை அடுத்தவனுக்குச் சொன்னார்கள். தாவீது ஓடிவந்தபோது ஸ்டேஷன் முன்னால் பெரிய கூட்டம். அவன் பெண்டாட்டியின் முகத்தைப் பார்த்தான். எழுந்திரு என்று சொல்ல வந்தவன், சைக்கிளை ஸ்டாண்ட் போட்டுவிட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தான். அவனைப் பார்த்து ஆணித் தொழிற்சாலைக்காரர்கள் சிலரும் உட்கார்ந்தார்கள். ரோட்டில் ஊத்துக்கோட்டை பஸ் போக இடமில்லாமல் ஹாரன் அடித்தது.

சப்-இன்ஸ்பெக்டர் கதவுக்கு வந்து கூட்டத்தைப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தி ஏட்டிடம் ஏதோ சொன்னார். ஏட்டு செங்கல்வராயன் தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டு ஜீப்பில் ஏறினார்.

தெருவில் ஜீப் நின்றபோது எல்லா வாசலிலும் ஆள் இருந்தது. ஏட்டு இறங்கி, பாக்கியராஜின் கையைப் பிடித்தார். "படி இருக்குது, பார்த்து," என்றார், யார் முகத்தையும் பார்க்காமல். மன்னிப்பு என்று ஒரு வார்த்தை அவர் வாயிலிருந்து வரவில்லை.

ரோசம்மாள் வீட்டுக்குள் போகவில்லை. நேராகத் துளசிராமன் கடைக்குப் போனாள்.

"தகவல் குடுத்தது நீங்கதானே?"

"இன்னாம்மா இது, நான் ஏன்..." என்று ஆரம்பித்தவர், அவள் பின்னால் நின்றவர்களைப் பார்த்ததும் குரலை மாற்றினார். "வாசனை வந்துச்சு. ஊட்டுக்காரன் நானு. நாளைக்கு பேஜாரு வந்தா எனக்குத்தானே?"

"கதவு தொறந்துதானே கெடந்துச்சு. வந்து எட்டிப் பார்த்திருந்தா போதுமே. ரொட்டி சுடறேன்னு உங்ககிட்டயே சொன்னேனே!"

"சொன்ன. நம்புற மாதிரியா இருந்துச்சு? உங்க ஊட்ல இன்னா வேவுதுன்னு நான் வந்து பார்த்துக்கினு இருக்கணுமா?"

"வாடகை ஒரு நாள் தள்ளிப்போனா கொழாய்க்குப் பூட்டுப் போட வர தெரியுது. இதுக்கு வர கூசுதா? எங்க ஊட்ல ரொட்டி வேவாது, சாராயம்தான் வேவும்னு உங்களுக்கு யாரு சொன்னது?"

துளசிராமன் தராசைத் துடைக்க ஆரம்பித்தார். அன்றோடு அந்த லைனிலிருந்து ஒருத்தியும் அவர் கடைப்படி ஏறவில்லை. மூன்றாம் மாதம் அவர் வீட்டைக் காலி செய்யச் சொன்னார். ரோசம்மாள் சண்டை போடவில்லை. ரயில் பாதைக்கு அந்தப்பக்கம் வேறு வீடு பார்த்துப் போனார்கள்.

அது பிறகு நடந்தது. அன்று மாலை கடையிலிருந்து அவள் திரும்பி வந்தபோது, பாக்கியராஜ் மடியில் துண்டை விரித்து, மிச்சமிருந்த குச்சிகளைத் தின்றுகொண்டிருந்தான். அவள் அடுப்பங்கரையில் பாத்திரங்களை டமால் டமால் என்று வைத்தாள்.

"போதும் ரோசா. உட்டுடு. நான்தான் வந்துட்டேனே."

"நீ வந்துட்ட. அதுக்கு நான் அவனுங்களுக்குக் கும்புடு போடணுமா? சட்டையைக் கழட்டி உக்கார வெச்சிருந்தானுங்கணா உன்னை!"

அவன் இன்னொரு குச்சியை எடுத்துக் கடித்தான்.

"ஓட்டல்ல இதைவிட மெத்துனு இருக்கும்," என்றான். "ஆனா பூண்டு சரியா கீது. உப்புதான் ஒரு கல்லு அதிகம்."

"உனக்கும் ஒரு நாயம் கெடையாது," என்று கத்தினாள் ரோசம்மாள். கத்தி முடிப்பதற்குள் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்து அவன் பக்கத்தில் உட்கார்ந்து, அவளும் ஒரு குச்சியை எடுத்துக் கடித்தாள். உப்பு அதிகம்தான்.