மாப்பிள்ளையின் நாக்கு

1

இந்தக் கதை திருட்டுச் சரக்கு. என் தங்கை வீட்டுச் சாப்பாட்டு மேசையில் கிடந்தது, எடுத்துக்கொண்டேன். கேட்டிருந்தால் கொடுத்திருப்பார்கள். கேட்டு வாங்கிய கதை எனக்குச் செரிப்பதில்லை.

முதல் வரியாக எழுதியது: 'மழை பொய்த்த ஆறு தன் துயரத்தைச் சுமந்தபடி...'

(நிறுத்திவிட்டேன். ஆற்றில் துயரம் கிடையாது. தண்ணீரும் கிடையாது. அதுதான் விஷயம்.)

2

மூன்று வருடமாக மழை குறைந்து ஆறு இளைத்தது, சூட்டில் கடல் பெருத்தது. ஆளில்லாத வீட்டில் பக்கத்து வீட்டுக்காரர் கட்டிலைப் போடுவதுபோல, கடல் ஆற்றுக்குள் பதினெட்டு கிலோமீட்டர் ஏறிவந்து படுத்துக்கொண்டது.*

* நீர்வளத்துறை அலுவலகம் பன்னிரண்டு என்கிறது. மீதி ஆறும் என் சொந்த உழைப்பு.

தங்கையின் கணவர், அதாவது என் மாப்பிள்ளை, குடிநீர் நிலையத்தில் தண்ணீரைச் சோதிப்பவர். உப்பு அளக்கும் கருவி கெட்டு ஒரு வருடம் ஆகிறது. அன்றிலிருந்து அவர் நாக்குதான் கருவி. காலையில் ஒரு டம்ளர் குடிப்பார், பதிவேட்டில் 'நல்ல நீர்' என்று எழுதிக் கையெழுத்திடுவார், எட்டு மணிக்கு ஊருக்குத் திறந்துவிடுவார்கள்.

(இவரை நேர்மையானவராக எழுதலாமா என்று யோசித்தேன். நேர்மையானவர்தான். வம்பே அதில்தான்.)

3

தங்கையின் பேத்தி பிறந்து இருபது நாள். நேற்று முதன்முறையாகக் குழாய்த் தண்ணீரில் புட்டிப்பால் கலக்கிக் கொடுத்தார்கள். துப்பினாள். மறுபடி கலக்கினார்கள், மறுபடி துப்பினாள். அந்த வீட்டிலேயே புது நாக்கு அது ஒன்றுதான்.

"தண்ணியிலதாங்க ஏதோ இருக்கு," என்றாள் தங்கை.

"கொழந்தைன்னா துப்பத்தான் செய்யும்," என்றார் மாப்பிள்ளை.

"அண்ணே, நீயே கேளு. ஆறு மாசமா சாப்பாட்டுல நான் உப்பே போடல. போடாமலே சரியா இருக்கு! இவரு கண்டுபிடிச்சாரா?"

"உன் சமையல்ல எதைத்தான் கண்டுபிடிக்க முடியுது?"

சிரித்தார். பிறகு தட்டைப் பார்த்தார். சிரிப்பு நின்றுவிட்டது.

(அதே சாப்பாட்டை நானும் இரண்டாம் தடவை கேட்டு வாங்கினேன். இதை மறைத்துவிடத்தான் நினைத்தேன்.)

4

இன்று காலை, குடிநீர் நிலையம்.

முடிவு ஒன்று: 'உப்பு' என்று எழுதுகிறார். குழாய் மூடப்படுகிறது. ஊரே குடத்தோடு அவர் வாசலில் நிற்கிறது. கொடுக்க வேறு தண்ணீர் இல்லை.

முடிவு இரண்டு: 'நல்ல நீர்' என்று எழுதுகிறார். பேத்தி வயதில் ஊரில் இன்னும் நாற்பது குழந்தைகள். அவர்களுடைய புட்டிகளில்...

முடிவு மூன்று: மழை கொட்டுகிறது. (எழுதிவிட்டு வெட்கப்பட்டு அடித்தேன்.)

"மச்சான், பேத்தி துப்பினான்னு பதிவேட்டுல எழுத முடியுமா? என் நாக்கை இனிமே நானே நம்பமாட்டேன். நீங்க குடிச்சுச் சொல்லுங்க," என்று டம்ளரை என்னிடம் நீட்டினார் மாப்பிள்ளை.

குடித்தேன். தேனாக இருந்தது. நானும் இந்த ஊர்த் தண்ணீரில் ஊறியவன்தானே.

ஆகவே வெளியூர் நாக்கு ஒன்று அவசரமாகத் தேவைப்படுகிறது. மணி ஏழு ஐம்பது. மாப்பிள்ளை பேனாவைத் திறந்துவிட்டார். இந்தாருங்கள் வாசகரே, குடியுங்கள். உங்கள் முகத்தைப் பார்த்துத்தான் அவர் எழுதப்போகிறார்.