பதினொரு வீட்டுக்கு ஒரே நம்பர்

“வந்துச்சா இல்லையா, அத மட்டும் சொல்லுங்கக்கா. என் மகளோட மெசேஜ் ஒங்க போனுக்கு வந்துச்சா இல்லையா?”

“வந்தா சொல்ல மாட்டேனா பாக்கியம்? ஒன் வீட்டு மெசேஜ வச்சு நான் என்ன கொழம்பா காய்ச்சப் போறேன்?”

மலைத் தண்ணீர் கொட்டும் பீலியில் குடங்கள் நிரம்பி வழிந்தன. எடுக்கத்தான் ஆளில்லை. தண்ணீருக்கு வந்த, தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான ஆறாம் லயத்துப் பெண்கள், கழுவிய குடத்தையே திரும்பத் திரும்பக் கழுவிக்கொண்டு காதை மட்டும் சண்டைப் பக்கம் வைத்திருந்தார்கள். பாக்கியலெட்சுமி பாதி நாளில் மலையிலிருந்து இறங்கி ஓடி வந்தவர். முதுகில் கொழுந்துக் கூடை இன்னும் இருந்தது. எதிரே இருதயம்மா, கையிலிருந்த போனை மெதுவாக முந்தானைக்குள் தள்ளினார். அதை எல்லோரும் பார்த்தார்கள்.

இதில் விஷயம் என்னவென்றால், அந்த லயத்தில் யாருக்கும் சொந்தமாக விலாசம் கிடையாது. தோட்டத்துப் பெயரைப் போட்டு வரும் கடிதமெல்லாம் ஆபீசுக்குப் போய், காலையில் பெரட்டுக் களத்தில் வேலை பிரிக்கும்போது கங்காணி கையால் கிடைக்கும். அவர் நினைத்தால் கிடைக்கும் என்று சொல்வதுதான் சரி. ஒரு பிள்ளைக்கு நேர்முகத் தேர்வுக் கடிதம், தேர்வு முடிந்து ஒன்பதாம் நாள் வந்து சேர்ந்தது. கங்காணியின் மழைக்கோட்டுப் பைக்குள் இருந்து அது நன்றாக நனைந்தும் இருந்தது.

அதனால், வேலைக்குப் போகிறவர்களின் குழந்தைகளை முன்பு பார்த்துக்கொண்ட பழைய பிள்ளைக் காம்பராவில் ஞானசீலன் என்ற பையன் நான்கு கம்பியூட்டர்களை வைத்து, படிவங்களை இணையத்திலேயே அனுப்பத் தொடங்கியதும் லயமே அங்கே போய் வரிசையில் நின்றது. “போன் நம்பர்?” என்று அவன் கேட்பான். பதினொரு வீட்டுக்காரர்களும் ஒரே பதிலைச் சொன்னார்கள்: “இருதயம்மாக்கா நம்பரப் போடுங்க தம்பி.”

எல்லோரிடமும் போன் இருந்தது. ஆனால் சிக்னல், கடைசி வீடான இருதயம்மாவின் குசினி ஜன்னலுக்கு மட்டும்தான் வந்தது. பெரகலப் பக்கத்து டவர் அந்த ஒரு ஜன்னலைத்தான் எட்டிப் பார்க்கும். மற்றவர்களின் போன்கள் பாட்டுக் கேட்கவும் பிள்ளைகளைப் படமெடுக்கவும் உதவின.

முப்பது வருடம் கொழுந்தெடுத்து ஓய்ந்த இருதயம்மாவுக்கு அந்த ஜன்னல் ஒரு பதவியாகிவிட்டது. தினமும் பின்னேரம் பீலிக்கு வந்து, வந்த மெசேஜ்களை ஒவ்வொன்றாகச் சத்தமாக வாசிப்பார். யாருக்கு கிளினிக், யாருடைய அடையாள அட்டை தயார், யாருடைய மகன் கொழும்பிலிருந்து என்ன கேட்டான், எல்லாம். இரகசியம் இருக்காது. ஆனால் தவறும் இருக்காது.

போன ஞாயிற்றுக்கிழமை, பாக்கியலெட்சுமி அதே பீலியில் சிரித்துக்கொண்டே சொன்னார்: “அக்கா மெசேஜ் வாசிக்கிறது, பாதர் பிரசங்கம் வைக்கிற மாதிரி. முடியிறதுக்குள்ள குடம் ரெண்டு தடவ நெறஞ்சிரும்.” எல்லோரும் சிரித்தார்கள். இருதயம்மாவும் சிரித்தார். வீட்டுக்குப் போனதும்தான் சிரிப்பு நின்றது.

மறுநாள் திங்கட்கிழமை அந்த மெசேஜ் வந்தது. பாக்கியலெட்சுமியின் மகள் துஷாந்தினிக்கு, பதுளையில் ஆஸ்பத்திரித் தாதி உதவியாளர் பயிற்சிக்கான நேர்முகத் தேர்வு, வியாழக்கிழமை காலை பத்து மணி. முதல் மூன்று வரிகளை வாசித்த இருதயம்மா, ‘வியாழன்தானே, ரெண்டு நாள் காயட்டும், அப்புறம் வந்து கேக்கட்டும்’ என்று போனைக் கவிழ்த்து வைத்தார். அடுத்தவர் மெசேஜை முற்றுப்புள்ளி வரை வாசிக்கிறவர், இந்த ஒன்றின் கடைசி வரியை மட்டும் பார்க்கவில்லை.

புதன்கிழமை, பதுளை பஸ்ஸின் ஜன்னலிலிருந்து, அறிவிப்பை இணையத்தில் பார்த்திருந்த ஞானசீலன்தான் அந்தக் கடைசி வரியைச் சொன்னான். ரோட்டோரம் கொழுந்தெடுத்துக்கொண்டிருந்த பாக்கியலெட்சுமியைப் பார்த்து, “துஷாந்தினி வர்றேன்னு பதில் போட்டாச்சா? இன்னைக்கு நாலு மணிக்குள்ள அதே நம்பர்லருந்து ஒண்ணுன்னு அனுப்பணும். இல்லாட்டி அடுத்த ஆளக் கூப்பிட்டுருவாங்க,” என்றான். பஸ் போய்விட்டது.

அதைத்தான் இப்போது பீலிக்கரையில் பாக்கியலெட்சுமி சொல்லி முடித்தார். இருதயம்மாவின் முகம் மாறியது. போனை வெளியே எடுத்து, அந்த மெசேஜைத் தேய்த்துத் தேய்த்துக் கடைசி வரிக்குப் போனார். இருந்தது. நாலு மணி. ஒன்று.

“மணி என்ன?” என்றார்.

“மூணு தாண்டிருச்சு.”

ஜன்னலுக்கு ஓடினார்கள். சிக்னல் இல்லை. காலையிலிருந்து கரண்ட் இல்லை, டவரும் படுத்துவிட்டது. துஷாந்தினியோ அப்புத்தளைத் துணிக்கடையில் வேலையில் இருந்தாள், ஐந்து மணி பஸ்ஸில்தான் வருவாள்.

“மேல பன்னெண்டாம் நம்பர் மலைக்குப் போனா அப்புத்தளை டவர் புடிக்கும்,” என்றார் பாக்கியலெட்சுமி. “குடுங்க, நான் ஓடுறேன்.”

“ஒனக்கு இந்தப் போன் தொறக்கத் தெரியாது.”

சிலுவை மாதிரி விரலை இழுத்தால் திறக்கும் என்பது லயத்தில் நண்டு சிண்டுக்கெல்லாம் தெரியும். ஆனாலும் பாக்கியலெட்சுமி நீட்டிய கையை இழுத்துக்கொண்டார். முழங்கால் வலிக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டு திரிகிற இருதயம்மா, செருப்பைக்கூட மாற்றாமல் படியேறத் தொடங்கினார்.

மூடுபனி தேயிலைக்கு மேல் இறங்கியிருந்தது. பாதி மலையில் இருதயம்மா ஒரு வாகை மரத்தைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார்.

“திங்கக்கெழமையே வந்திருச்சு பாக்கியம்.”

“தெரியும்.”

“எப்புடி?”

“அன்னைக்கு ரெண்டே ரெண்டு மெசேஜ்தான் வாசிச்சீங்க. அப்புறம் என்னையே பாத்துக்கிட்டு நின்னீங்க. நீங்க சும்மா நிக்கிற ஆளா?”

“பின்ன ஏன் அப்பவே கேக்கல?”

“கேட்டா நீங்க சொல்லுவீங்களாக்கும். நானும் வீம்புக்குத்தான் இருந்தேன். நாலு மணிக் கணக்கு எனக்கென்ன தெரியும்.” கையை நீட்டினார். “புடிங்க. ஒங்க காலு வலி நாளைக்கும் இருக்கும், அந்த நாலு மணி இருக்காது.”

உச்சியில் இருந்த பாறை மேல் ஏறி இருதயம்மா போனைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தார். ஒரு கோடு வந்தது, போனது, மறுபடி வந்தது. ஒன்று என்று அழுத்தி அனுப்பினார். மணி நான்காக இன்னும் ஆறு நிமிடம் இருந்தது. அதன்பிறகு காலையிலிருந்து தேங்கிக் கிடந்ததெல்லாம் கொட்டத் தொடங்கியது. லயமே டிங் டிங் என்று போனுக்குள் வந்து இறங்கியது. அந்தக் கூட்டத்துக்குள் பதுளையிலிருந்து ஒன்று: உங்கள் வருகை பதிவாகிவிட்டது.

இருதயம்மா அதை மனதுக்குள் வாசித்தார்.

“சத்தமாவே வாசிங்க,” என்றார் பாக்கியலெட்சுமி, கூடையை இறக்கி வைத்து உட்கார்ந்தபடி. “நீட்டி வாசிங்க. இன்னைக்கு என்கிட்ட கொடம் இல்ல.”

வாசித்தார். பிரசங்கம் மாதிரியே வாசித்தார்.

துஷாந்தினி வியாழக்கிழமை காலை பதுளைக்குப் போனாள், இடம் கிடைத்தது, விடுதியில் தங்கிப் படித்தாள். அடுத்த மாதமே ஞானசீலன் பிள்ளைக் காம்பராவின் கூரையில் ஏதோ ஒரு கிண்ணத்தைக் கவிழ்த்து வைத்தான். லயம் முழுக்க சிக்னல் வந்தது. எல்லோருடைய படிவத்திலும் அவரவர் நம்பரை மாற்றினான். பீலிக்கரையில் வாசிப்பு நின்றுபோனது. இருதயம்மா சில நாள் வெறும் போனோடு வந்து நின்று பார்த்தார். பிறகு குடத்தோடு வந்தார்.

ஞானசீலன், பண்டாரவளை நிரஞ்சலாவைக் கட்டிக்கொண்டு அங்கேயே போய்விட்டான். கம்பியூட்டர்களை இப்போது வேறொரு பிள்ளை பார்க்கிறாள். துஷாந்தினிக்குப் பசறையில் ஒரு மருத்துவ நிலையத்தில் வேலை, மாப்பிள்ளை ஜெயகுமாரும் அந்த ஊர்தான். கல்யாணச் செய்தி லயத்தில் முதலில் வந்தது இருதயம்மாவின் போனுக்கு. அவர் பெயரையே போட்டு அவருக்கென்று வந்த முதல் மெசேஜ் அது. கடைசி வரி வரை மூன்று முறை வாசித்தாராம்.

பாக்கியலெட்சுமி மகளோடு பசறைக்குக் குடிபோய்விட்டார். லயத்தில் அவருடைய நான்காம் வீடு பூட்டிக் கிடக்கிறது. பசறையில் வீட்டுக்குள்ளேயே சிக்னல் கொழுந்து மாதிரி நிறைந்து கிடக்கிறதாம். ஆனாலும் கிளினிக்குக்குப் பதியப் போனால் இன்னும் இருதயம்மாவின் நம்பரைத்தான் சொல்கிறார். துஷாந்தினி திட்டியும் பார்த்துவிட்டாள். மெசேஜ் வந்ததும் இருதயம்மா பசறைக்குப் போன் எடுத்து வாசிக்கிறார், அரை மணி நேரம்.